பெனிக்கு வீசிங் என்று சொன்னாய்

பெனி அம்மா,

போன வாரம் என் மகள் புதுச் சுடிதார் ஒன்றை வாளியில் ஊறப் போட்டுவிட்டு மறந்துபோனாள். நான் குளியலறைக் கதவைத் திறந்தபோது தண்ணீர் முழுக்க நீலம் இறங்கியிருந்தது. ஈரச் சாயத்தின் அந்த வாடை முகத்தில் அடித்தது. வாளியைத் தொடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். மகள் வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சாயம் போகிற துணியை இனிமேல் வாங்காதே என்று சொன்னேன்.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நீயும் நானும் செங்கல் அடுக்கி அண்டா வைத்துச் சாயம் காய்ச்சிய நாள் உனக்கும் ஞாபகம் இருந்திருக்கும். பையன்களுக்கு ஒரே மாதிரி சட்டை இல்லை என்று தங்கராஜ் வருத்தப்பட்டான். ஃபேக்டரி கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலமானால் பிளாக்குப் பையன்களைச் சேர்த்து ஃபுட்பால் ஆடவைத்தவன். அவனே கோச், அவனே மேனேஜர். நீதான் யோசனை சொன்னாய், எல்லாரும் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பனியன் கொண்டுவரட்டும், நாம் நீலத்தில் தோய்த்துக் கொடுக்கலாம் என்று. உப்பைப் போட்டுக் கிளறிக் கிளறி நம் கை முழங்கை வரை நீலமாகிவிட்டது. அந்த நீலக் கையோடு நீ கோயிலுக்குப் போனாய். ஃபாதர் உன் கையைப் பார்த்துவிட்டு நன்மை அப்பம் கொடுத்தார் என்று வந்து சொல்லிச் சிரித்தாய். பனியன்கள் காய்ந்தபோது ஒன்றுக்கு ஒன்று நிறம் ஒத்துப்போகவில்லை. பையன்கள் அதைப் பார்க்கவேயில்லை. மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உனக்கு நான் சேகர் அம்மா, எனக்கு நீ பெனி அம்மா. செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவளுக்கு அந்த குவார்ட்டர்ஸில் யாரையும் தெரியாது. நீ பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். எந்த ரயிலுக்கு எந்தப் பக்கம் ஏறுவது என்பதிலிருந்து, காய்கறிக்காரனிடம் எப்படிப் பேசுவது என்பது வரை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். சேகர் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தவளும் நீ. மூன்று பெண்களுக்குப் பிறகு உனக்குப் பெனி பிறந்தபோது உன் பக்கத்தில் நான் இருந்தேன். இரண்டு பையன்களும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்று, டீம் ஒன்று. சேகர் ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி உள்ளே தள்ளுவான், பெனி கோல் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் முக்காட்டுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு நேராக மைதானத்துக்கு வருவாய். ரயில் பாதை ஓரத்துப் புழுதி மைதானம் அது. நாம் இரண்டு பேரும் கோட்டு ஓரத்தில் நிற்போம். எனக்கு ஆட்டம் புரியாது. நீ புரிந்தவள் போலப் பேசுவாய்.

அந்த வருஷம் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போனோம். வழக்கம்போலச் சாவியை உன்னிடம்தான் கொடுத்தேன். ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கத்துச் சின்னப் பையன்களுக்கான லீக் ஆட்டங்கள் பாதி முடிந்திருந்தன. நம் டீம் அதுவரைக்கும் தோற்கவில்லை. ஊரில்கூட சேகர் களத்துமேட்டில் ஒரு ரப்பர் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்த அன்று சாவி வாங்க வந்தபோது உன் முகம் சரியில்லை. பெனிக்கு வீசிங் வந்துவிட்டது என்று சொன்னாய். தை மாசப் பனியில் விளையாடினதால் வந்ததாம், டாக்டர் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். பெனி கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். நான் தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை. என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பாவம், விளையாட முடியாத வருத்தம் என்று நினைத்தேன்.

மறுநாளே முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் போய் வேலியோரத்தில் தூதுவளை பறித்து வந்தேன். முள் கிழித்த கையோடு நெய்யில் வதக்கி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர். பெனி தலையைக் குனிந்துகொண்டே குடிப்பான். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தான். நீ, "குட்றா, ஆண்ட்டி கஸ்டப்பட்டு வச்சிகினு வந்திருக்காங்க" என்றாய். குடித்தான்.

பாதி சீசனில் ஒரு பையன் வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் பழைய டீம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது எனக்கு அப்போது தெரியாது. என்னைக் கூட்டிக்கொண்டு தங்கராஜிடம் போனாய். பையன் இனிமேல் ஆடமாட்டான், டீமிலிருந்து பெயரை எடுத்து எழுதிக் கொடுத்துவிடு என்று கேட்டாய். இந்த வருஷம் மட்டும் பெயர் இருக்கட்டுமே, குணமானால் வரட்டும் என்று அவன் சொன்னான். நீ அழுதாய். நான்தான் அவனிடம் சொன்னேன், "நான் பாத்தேன் தம்பி, புள்ளைக்கு மூச்சு வாங்குது" என்று. நான் பார்த்ததில்லை. உன் கண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். அவன் எழுதிக் கொடுத்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெனியைப் பெரம்பூரில் அவன் மாமா வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னாய். அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்றாய். நான் ரசத்தைச் சின்னத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

அம்பத்தூர் கிளப்போடு ஆட்டம் மாசி மாதத்தில் வந்தது. அது பெரிய கிளப். ஆட்டத்துக்கு வேனில் வருவார்கள், எல்லாருக்கும் பூட்ஸ் உண்டு. அன்றைக்கு நீ மைதானத்துக்கு வரவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பியிருந்தாய். வேனிலிருந்து பையன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் பெனி இறங்கினான். சிவப்பு ஜெர்சி, முழங்கால் வரை காலுறை, புது பூட்ஸ். தங்கராஜ் திரும்பி என்னைப் பார்த்தான். பெனியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பெனி நன்றாக ஓடினான். கோல் அடித்தான். அடித்துவிட்டுக் கையைத் தூக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தான். நாம் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் பெனி சேகரிடம் வந்து ஏதோ பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். சேகர் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும் நீலப் பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டான். அதற்குப் பிறகு அவன் அதைப் போடவில்லை. ஏன்டா என்று அவன் அப்பா கேட்டபோது, படிக்கணும் என்றான். படிப்பில் அவனுக்கு அப்படி ஒன்றும் ஆசை இருந்ததில்லை.

அன்று சாயங்காலமே நான் உன் வாசலில் வந்து நின்றேன். சண்டை போடத்தான் வந்தேன், ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. "ரசம் வச்சுக் குடுத்தேனே" என்றுதான் கேட்டேன்.

நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "இன்னா பண்ணச் சொல்ற? புள்ளைக்கு ஒரு வயி கெடச்சா நீ வுடுவியா? பெரிய கிளப்புல ஆடுனா நாளைக்கு வேல கீது. உன் டீமுல இன்னா கீது?" என்றாய்.

உன் டீம் என்று சொன்னாய். நாம் இரண்டு பேரும் சாயம் போட்ட டீம்.

ஒருவன் போனால் மற்றவர்களுக்கும் கால் நிற்காது. அடுத்த மாதத்துக்குள் கோல்கீப்பர் கொரட்டூர் டீமுக்குப் போனான், இன்னும் ஒருவன் அவன் பின்னால். தங்கராஜ் சில நாள் மிச்சமிருந்த பையன்களோடு பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு வரவில்லை. கேன்டீனில் என் வீட்டுக்காரருக்குத் தட்டை வைப்பானாம், பேசமாட்டானாம். அவனிடம் நான் என்னவென்று சொல்லிப் புரியவைப்பேன்? நான் பொய்ச் சாட்சி சொன்னவள்தானே, அவன் கண்ணில்.

நாம் பேசாமல் இருந்த வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரே சுவர். நீ அம்மியில் அரைக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். உன் பெண்களில் மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தபோது பத்திரிகையை உன் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். நாங்கள் போகவில்லை.

பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு நீயே கல்கல் பலகாரத் தட்டோடு வந்தாய். தட்டை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாய். "மனசுல வச்சுக்காத சேகர் அம்மா. வீசிங்னு பொய் சொன்னது தப்புதான்" என்றாய். நான் அழுதேன். காபி போட்டேன். அவ்வளவுதான், மறுபடியும் பழையபடி ஆகிவிட்டோம். ரிட்டையர் ஆகி நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டி வந்த பிறகும், பஸ் பிடித்து வருவாய். அதற்கு முன்பே, என் மகள் பெரியவளானபோது நலங்கு வைத்தவர்களில் நீயும் ஒருத்தி.

உனக்குச் சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். சொல்லு என்றேன். என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "சேகருக்குப் பொண்ணு பாத்துட்டியா?" என்று கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். நல்ல பெண்ணாக வரும் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து திரும்பி உன் வீட்டு வாசல் ஷாமியானாவின் கீழ் உட்கார்ந்திருந்தேன். பெனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நீ ஆசைப்பட்டபடியே விளையாட்டுக் கோட்டாவில் அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. முழங்கால் போய் ஆட்டம் நின்றாலும் மேசை நாற்காலி வேலை நிலைத்துவிட்டது. அழுது அழுது அவன் குரல் போயிருந்தது.

"ஆண்ட்டி, அம்மா ஒங்ககிட்ட சொல்லிட்டாங்கல்ல?" என்றான்.

எதை என்று கேட்டேன். அவன் திகைத்துப் போனான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

அம்பத்தூர் கிளப்புக்குப் பையன் தேடிக்கொண்டிருந்த ஆள் முதலில் வந்தது சேகருக்காக. ஓரத்தில் ஓடுகிற பையனை அவர் இரண்டு ஆட்டத்தில் பார்த்து வைத்திருந்தாராம். பொங்கல் சமயத்தில் ஸ்கூட்டரில் வந்து பார்த்தால் எங்கள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் உன்னைக் கேட்டார். எப்போது வருவார்கள், நான் திரும்ப வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். நீ சொன்னாயாம், அவர்கள் அனுப்பமாட்டார்கள், அந்தப் பையனின் அப்பாவுக்கு விளையாட்டே பிடிக்காது, வீணாக அலையாதீர்கள் என்று. சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பெனியைக் கூப்பிட்டாய். என் வீட்டுச் சாவி அப்போது உன் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெனி அம்மா, அந்தக் கிறிஸ்துமஸ் அன்று என் சமையலறையில் நீ சின்னப் பொய்யை எடுத்து வைத்துப் பெரியதை மறைத்துக்கொண்டாய். நான் மன்னித்தது எதை என்று எனக்கே தெரியாமல் மன்னித்தேன். அதை வாங்கிக்கொண்டு, என் காபியையும் குடித்துவிட்டுப் போனாய். உயிரோடிருந்தால் இன்றைக்கு உன் வாசலில் வந்து நின்றிருப்பேன். இந்தத் தடவை வாய் வந்திருக்கும். ஆனால் மாலை போட்ட படத்திடம் யார் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். அவன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் லேத் பட்டறையிலிருந்து வந்து, கையில் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை. நான் சொல்லி முடிக்கும் வரை கழுவிக்கொண்டே இருந்தான்.

"தெரியும்மா. மேட்ச் முடிஞ்சதும் பெனி அழுதுகினே சொல்ட்டான்" என்றான்.

ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவங்ககூட நீ எப்பவுமே பேசியிருக்க மாட்ட. இந்த ஊர்ல ஒனக்கு வேற யாரு இருந்தாங்க?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். மீசை முளைக்காத வயதில் என் பிள்ளை எடுத்த முடிவு அது. உனக்காக எடுக்கவில்லை, எனக்காக எடுத்தான். அதன் பலனை அனுபவித்தது நீயும்தான்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கூப்பிடப் பெனி வந்திருந்தான். சேகர் லீவு சொல்லியிருக்கிறான், சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறான். என்னையும் வா என்கிறான். நான் போகப்போவதில்லை. அவன் மன்னித்துவிட்டான் என்பதற்காக நானும் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என்னிடம் இப்போது மிச்சமிருப்பது ஒரு கேள்வி. அந்த ஆள் இரண்டு நாள் கழித்து வந்து எங்கள் கதவைத் தட்டியிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் இவர் முடியாது என்று சொல்லிவிடுகிறார், நீ சொன்னது சரியாகப் போய்விடுகிறது. சில நாள் நான் குறுக்கே வந்து, போகட்டும் என்கிறேன். சில நாள் சேகரே, தங்கராஜ் அண்ணனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறான். நேற்று இவரிடமே கேட்டேன். பேப்பரை இறக்கி வைத்தார். "தெரியலியே" என்றார்.

யாரும் எங்களைக் கேட்கவில்லை, பெனி அம்மா.