வலுத்த கோழிகள்

ஐப்பசி, செவ்வாய். மழை விடவில்லை.

மணிமுத்தாறு செல்லம்மாக்காவின் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தின் புதுத் தடுப்புச் சொட்டு மருந்தைக் குடித்த கோழிகள். காலையில் போனபோது பாதி செத்துக் கிடந்தன.

நோய் உண்டாக்காதபடி அடக்கிய உயிருள்ள சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமிதான் அந்த மருந்து. வெள்ளைக்கழிச்சல் வைரஸின் ஒரு துண்டை அது சுமந்துபோய் உடம்புக்குக் காட்டி எதிர்க்கப் பழக்க வேண்டும். ஆய்வகக் குஞ்சுகளில் அருமையாக வேலை செய்தது. அவை எந்தக் கிருமியையும் கண்டதில்லை.

"நோஞ்சானை எல்லாம் ஒதுக்கிட்டுத்தான் டாக்டரம்மா உங்களுக்குத் தந்தேன். குப்பையக் கிளறி, வயித்துச் சீக்கெல்லாம் கண்டு பொழச்ச கோழிக," என்று அழுதாள் அக்கா.

அதுதான் வினை. மருந்து விடுமுன் எடுத்து வைத்த ரத்தத்தை நோய் வந்த செய்தி கேட்டு நேற்றுத்தான் பரிசோதித்தோம். சால்மொனெல்லாவை எதிர்க்க அந்த உடம்புகள் முன்பே பழகியிருந்தன. சுமந்து வந்ததை வாசலிலேயே கொன்றுவிட்டன, சுமை இறங்கவே இல்லை. முதலிலேயே பார்க்க வேண்டும் என்று படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இன்னொரு வாட்டி ரெண்டு சொட்டு விடுங்கம்மா. இருக்கதாவது பொழைக்கட்டும்."

இனி எத்தனை தடவை விட்டாலும் அந்த உடம்பு அதை இன்னும் வேகமாகக் கொல்லும். அதைச் சொல்லுமுன் அக்கா ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு அலகைப் பிளந்து பிடித்துவிட்டாள்.

மருந்து கொண்டுவரவில்லை என்றேன்.

"அப்ப நாளைக்குக் கொண்டாங்க," என்றாள்.