நான்காம் கூண்டு

ஜூன் 2, திங்கள்
நான்காம் கூண்டில் பத்தும் செத்துக் கிடந்தன. சனிக்கிழமை மாலை விட்டபோது துள்ளிக்கொண்டிருந்தவை. மூன்று வாரமாக இதே கதை. மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்காக ஆற்றில் ஆறு இடங்களில் வலைக் கூண்டு வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துக் கூனி இறால் விடுகிறோம். சோதனைக் கருவி, அதை நனைக்கும் நிமிடத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். கூனி அங்கேயே குடியிருப்பதால் நாம் இல்லாதபோது நடந்ததையும் சொல்லிவிடும் — செத்தாவது. மற்ற ஐந்து கூண்டும் நலம். நான்காவது இருக்கும் மடுவுக்கு மேலேதான் சாயப்பட்டறையின் கழிவுக் குழாய். வேறென்ன சாட்சி வேண்டும்? அறிக்கை கொடுத்துவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். கணவரின் அப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் ஊர் நியாயம் முழுவதும் அவர் தலையில். பட்டறையை இழுத்து மூடினால்தான் புத்தி வரும் என்றார். அவர் காலடியில் படுத்திருந்த நாய், மந்திரி, வாலாட்டி ஆமோதித்தது.

ஜூன் 11, புதன்
பட்டறைக்கு நோட்டீஸ் போய்விட்டது. முதலாளியம்மா ஆய்வகத்துக்கே வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை பட்டறை ஓடாதும்மா. சனிக்கிழமை மத்தியானமே பூட்டிடுவோம். அப்புறம் எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மடுவுக்கு நானே போய்ப் பார்க்கிறேன் என்றேன். அங்கே இருபத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு
விடிந்ததுமே போய்ப் புதர் மறைவில் உட்கார்ந்தேன், உளவாளி மாதிரி. குழாய் காய்ந்து கிடந்தது. எட்டு மணிக்கு ஆள் வந்தது.

மாமா.

மந்திரி ஓடிவந்து மடுவில் தொபுக்கடீரென்று விழுந்தான். மாமா கரையில் நின்று சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். ஞாயிறுதோறும் "நடந்துட்டு வரோம்" என்று போவது இங்கேதானா? சனிக்கிழமை ஆனால் அவன் பிடரியில் உண்ணி மருந்து விடுவார். மாதம் ஒருமுறை விடவேண்டியதை, அரிக்கிறதே என்று வாராவாரம். உண்ணியும் கூனியும் கணுக்காலி இனம், ஒருவகையில் பங்காளிகள். ஒன்றைக் கொல்வது மற்றதை விடுமா?

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

ஜூன் 16, திங்கள்
மந்திரியின் பிடரி முடியைக் கொஞ்சம் வெட்டி ஒரு குவளையில் போட்டேன். பக்கத்துக் குவளையில் வெறும் ஆற்றுநீர். இரண்டிலும் பத்துக் கூனி. மத்தியானத்துக்குள் முடிக் குவளையில் பத்தும் மல்லாந்துவிட்டன.

அதிகாரியிடம் சொல்லி அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். அவர் திட்டவில்லை. பட்டறைக்குப் போன நோட்டீஸை ரத்து செய்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். திட்டியே இருக்கலாம்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது? வாரம் முழுக்க அந்த ஒரு ஞாயிறுக்காக இருக்கிற மனிதர்.

ஜூன் 17, செவ்வாய்
சொல்லிவிட்டேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். "நான்தானே மூடணும் மூடணும்னு குதிச்சேன்" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, பட்டறைக்குப் போயிட்டு வந்துடலாம்."

மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மந்திரியையும் கூட்டி வந்திருந்த மாமா முந்திக்கொண்டார். முதலாளியம்மா அவரையும் மந்திரியையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு நிமிஷம் என்று உள்ளே போனவர் சிரித்து முடித்துத் திரும்ப ஐந்து நிமிடம் ஆனது. தப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி
மருந்துக்குப் பதில் மாத்திரை. மந்திரி நான்கு தரம் துப்பினான்.

ஜூன் 30, திங்கள்
நான்காம் கூண்டில் பத்தும் உயிரோடு.

நேற்றுக் காலை முழுக்க மாமா மடுக்கரையில் காவல். நாயோடு வந்தவர்களையெல்லாம் மருந்து போட்டிருக்கிறதா என்று விசாரித்து, போட்டிருந்தால் திருப்பி அனுப்பினாராம். அவ்வளவு நேரம் நின்றால் கால் என்னாகும் என்று கடிந்துகொண்டேன். நிற்கவில்லையாம். பட்டறையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.