நாலாம் வகுப்பில் காய்ச்சிய உப்பு

தென்காசி
பிரமோதூத வருஷம், ஆடி மாதம்

சிரஞ்சீவி பால்வண்ணநாதனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், இருமல்கூட இல்லை. ரங்கூனில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், உடம்புக்கு முடியாதவன் பெற்றவளை இவ்வளவு நீளத்துக்குக் கோபித்து எழுத முடியாது. சாரல் இந்த வருஷம் விட்டபாடில்லை. குற்றாலத்தில் அருவி பெரிதாக விழுகிறது, கூட்டமும் அப்படியே, கொடியில் போட்ட சேலை போட்டபடியே ஈரமாகத் தொங்குகிறது. தாணு சித்தப்பா எனக்கு முந்திக்கொண்டு உனக்கு எழுதிவிட்டார், அம்மா உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்துவிட்டாள், போலீஸ் வந்தது, குடும்ப மானம் போயிற்று என்று. நீயும் அதை நம்பி, சுங்க ஆபீசில் வேலை நிரந்தரமாகிற சமயத்தில் என் வாயில் மண்ணைப் போட்டாயே அம்மா என்று எழுதியிருக்கிறாய். நடந்ததை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஆவியாகிற பாடம். கட்டிப்பொருள், திரவம் வரைக்கும் சுலபமாகப் போயிற்று. வீட்டிலிருந்து உறைந்த நெய் கொண்டுபோய் உருக்கிக் காட்டினேன், ஆறவைத்து உறைய வைத்துக் காட்டினேன், பாடம் முடிவதற்குள் பாதி நெய்யைக் காணோம், எல்லாக் குட்டிகளின் விரலும் வழவழவென்று இருந்தது. மறுநாள், ஈரத்துணி காய்ந்தால் அந்தத் தண்ணீர் காற்றோடு போகிறது என்றேன். ஏட்டு இசக்கியப்பன் மகள் ஆவுடைத்தாய் எழுந்து, எங்க வீட்டுத் துணி காயவே மாட்டேங்குதே டீச்சர், தண்ணி எங்கனயும் போவலையே என்றாள். கேள்வி நியாயம்தானே. ஆகையால் கும்முட்டி அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் தண்ணீர் ஊற்றி, கடையில் வாங்கின உப்பை ஒரு கை அள்ளிப் போட்டுக் கரைத்தேன். உப்பு செத்துப்போச்சு என்றது ஒரு குட்டி. கொதிக்கவிட்டு மேலே தட்டைப் பிடித்தேன், தட்டில் சொட்டின தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு உப்பே இல்லை என்று கூச்சல் போட்டார்கள். தண்ணீர் வற்றி அடியில் வெள்ளையாக உப்பு நின்றதும், வந்துட்டு டீச்சர், செத்தது வந்துட்டு என்று குதித்தார்கள். பால்வண்ணம், இத்தனை வருஷ உத்தியோகத்தில் அன்றைக்குப் போல நான் சந்தோஷப்பட்டதில்லை.

ஆவுடைத்தாய் அதே சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய், டீச்சர் உப்புக் காய்ச்சினாங்க என்று அப்பனிடம் சொல்லியிருக்கிறாள். வேதாரணியத்தில் உப்பு அள்ளினதிலிருந்து இங்கே போலீசுக்கு உப்பு என்றாலே உதறல். காலையில் இசக்கியப்பன் தலைப்பாகையும் தடியுமாக வகுப்புக்குள் வந்து நின்று, என்ன டீச்சரம்மா, உப்புக் காய்ச்சுதியளாமே, மேல தெரிஞ்சா என் வேலை போயிருமே என்றார். கடை உப்பு அய்யா, சர்க்காருக்கு வரி கட்டின உப்பு, கரைத்ததைத் திரும்பக் காய்ச்சினேன் என்றேன். கரைச்சதுக்குச் சட்டம் கெடையாது, காய்ச்சினதுக்குத்தான் சட்டம் என்று சொல்லி, சட்டியில் இருந்ததைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார். ஸ்டேஷனில் அந்தப் பொட்டலம் சாரல் காற்றில் கசிந்து ஒழுகி, இன்ஸ்பெக்டர் வந்து பிரித்தபோது ஈரக் காகிதம் மட்டும்தான் இருந்ததாம். கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் பொய் சொன்னாய் என்று அந்தப் பெண்ணை வீட்டில் அடித்திருக்கிறார்கள். நான் அவளைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரிதான், டீச்சர் காய்ச்சினது உப்புத்தான் என்று சொன்னேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூட மானேஜர் சிவனணைந்தபெருமாள் பிள்ளைக்குச் சர்க்கார் கிராண்டுப் பணம் நின்றுபோகும் என்று பயம். சாரலுக்காகக் குற்றாலத்துப் பங்களாவில் தங்கியிருக்கிறவர், ஆள் அனுப்பி என்னை அங்கே வரவழைத்தார். அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் வாசனையோடு தலை துவட்டிக்கொண்டே, சாட்சியும் கரைஞ்சு போச்சு, நல்லதாப் போச்சு, இதுல ஒரு கையெழுத்துப் போட்டிருங்கம்மா, எல்லாம் தீர்ந்திரும் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். சட்டியில் வெந்நீர்தான் காய்ச்சினேன், உப்பு வரவில்லை என்று என் பேரில் எழுதியிருந்தது. தாணு சித்தப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டு, பயலுக்காகப் போடுங்க மதினி என்றார்.

சித்தப்பா சொன்னதைக் கேட்டு, ஒரு வரிதானே அம்மா என்று நீயும் எழுதியிருக்கிறாய். ஒரு வரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் உப்பைக் கண்ணால் பார்த்தார்கள், நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, நீங்கள் பார்த்தது உப்பு இல்லை என்று நான் சொல்ல வேண்டுமா. அப்புறம் எந்த மூஞ்சியோடு கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். நான் கதர் கட்டினவளும் இல்லை, கோஷம் போட்டவளும் இல்லை. பயமும் இருக்கத்தான் செய்கிறது. உன் அப்பா போன பிறகு, உன்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு டிரெயினிங் படிக்கப் புறப்பட்டபோது, அறுதலிக்கு என்ன படிப்பு என்று கேட்டவர் இதே சித்தப்பாதான். அந்தப் படிப்புத்தான் உன்னைக் கப்பலேற்றி அனுப்பியது. மானேஜரிடம் பேனா கேட்டு வாங்கி, வரவில்லை என்பதை அடித்துவிட்டு வந்தது என்று எழுதி, கீழே என் பேரைப் போட்டுக் கொடுத்தேன். அவர் துவட்டுவதை நிறுத்திவிட்டார். சித்தப்பா போகிற வண்டியில் நான் ஏறவில்லை, வேறு வண்டி பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பள்ளிக்கூடக் கமிட்டி கூடியிருக்கும். வேலையை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன், எடுக்கட்டும். வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் கஞ்சிக்கு வழி இல்லாமல் போகாது, நீ அதை நினைத்து ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைக்க வேண்டாம். அங்கேயும் மழை பலமாம், நனைந்த தலையோடு ஆபீசுக்குப் போகாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே. குற்றாலநாதர் கிருபையால் உன் வேலை நிலைக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உங்கள் ஆபீசில் என்னைப் பற்றி விசாரித்தால், அவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று வேண்டுமானால் எழுதிக் கொடு. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்வேன். அது உப்பு இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
சண்முகசுந்தரி