அப்பாவின் வலது கன்னம்

என் அம்மாவுக்கு,

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு, காலை ஆறே முக்கால். மூன்று வெட்டு. தாடையில் ஒன்று, தொண்டைக்குழிக்கு மேலே ஒன்று, மூக்குக்குக் கீழே ஒன்று. பயப்படாதே, அப்பாவுக்கு இல்லை. எனக்குத்தான்.

ஆமாம், தாடியை எடுத்துவிட்டேன். நீ கடைசிவரை சொல்லியும் எடுக்காததை. கண்ணாடியில் எவனோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

காரணம் இருக்கிறது. நீ போன பிறகு அப்பா தன் முகத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை. பக்கவாதத்தில் கோணிய வலது பக்க வாயிலிருந்து எச்சில் வடிந்து தாடிக்குள் இறங்குகிறது. உள்ளே தோல் வெந்து புண்ணாகிவிட்டது. அரிக்கிறது என்று இடது கையால் சொறிகிறார், ரத்தம் வருகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஆள், வந்தால் லேசில் நிற்காது. "முடிய எடுத்தாத்தான் மருந்து பிடிக்கும். இப்படியே விட்டா புண்ணு உள்ள எறங்கிரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சலூன்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாய் வடிவதை வெளி ஆள் பார்க்கக் கூடாதாம். சரி என்று என் டிரிம்மரை எடுத்துப் போனேன். அந்தச் சத்தம் கேட்டதும் குழறிக் குழறிச் சொன்னார்: "ஏலே, நான் என்ன செம்மறியா? கத்திரிக்க வந்துட்டான்." ஆயுசுக்கும் ஆடு மேய்த்தவர். டிரிம்மரை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

உன் ரேசரைத் தேடி எடுத்தேன். மரை தேய்ந்து தலை ஆடுகிறது. நூலைச் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறாய். இதை வைத்தா இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் மழித்தாய்? காற்றாலை வேலையில் ஒரு போல்ட் லூசாக இருந்தால்கூட மேலே ஏறாதவன் நான். எனக்கு இதைத் தொடவே பயமாக இருந்தது.

கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில், இருப்பதிலேயே விலை குறைந்த ரேசரும் ஒரு பாக்கெட் பிளேடும் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என் தாடியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொண்ணு வீட்ல எடுக்கச் சொல்லிட்டாவளா?"

"எங்கப்பாவுக்கு அண்ணாச்சி."

"நல்லவேள. ஒன் தாடிய இதால எடுக்க ஒரு நாளு லீவு போடணும்ல."

சோதித்துப் பார்க்காத கருவியை நான் ஆள்மேல் வைக்க மாட்டேன். அதனால் இன்று காலை என் முகம்தான் சோதனைக்கு. உப்புக் கரிக்கிற போர் தண்ணியில் சோப்பைக் குழைத்தால் நுரையே எழும்பவில்லை. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக ஒட்டியது. பிளேடு வழுக்காமல் இழுத்தது. பாதி முகத்துக்கே மூன்று வெட்டு. மலிவு ரேசரைத் திட்டினேன், கோணத்தை மாற்றினேன், பிளேடை மாற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டார் ஓடாது. வேறு வழியில்லாமல் குடிக்கிற தண்ணியில் ஒரு டம்ளர் மொண்டேன்.

நுரை பொங்கியது அம்மா. மீதிப் பாதியில் ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் உன் சொம்பு நினைவுக்கு வந்தது. நல்லதண்ணி வாரத்துக்கு ஒரு தரம் வருகிற வீட்டில், அடுப்படி மூலையில் ஒரு சொம்பைத் தனியாக மூடி வைத்திருப்பாய். தாகத்துக்கு எடுக்கப் போனால், "அதத் தொடாதலே, ஒங்கப்பாவுக்கு உள்ளது" என்பாய். மாத்திரை போட என்று நினைத்தேன். ஏன் சொல்லவில்லை? குடிக்கிற தண்ணியில் சவரமா என்று கத்துவேன் என்றா? கத்தியிருப்பேன்தான்.

அப்பா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இடது கையைத் தூக்கி என் முகத்தைத் தடவினார். தாடைக்குக் கீழே விரல் நின்றது.

"இங்கன விட்டுட்ட."

"ஒங்களுக்கு விடாம எடுக்கேம்ப்பா. இன்னைக்குப் பாப்பமா?"

என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, ஆள்காட்டி விரலையே பார்த்தார்.

"நகத்த வெட்டு."

"எதுக்குப்பா?"

வாயைத் திறந்து, தொங்குகிற வலது கன்னத்தைக் காட்டினார். "அவ... உள்ள வெரல வச்சுத் தள்ளுவா."

மற்றவர்கள் நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து உப்ப வைத்துக்கொண்டு மழிக்கிறார்கள். அப்பாவின் நாக்கு அந்தப் பக்கம் போகாது. தொங்குகிற தோல் பிளேடில் மடிந்து அறுபடும். அதை எப்படி விறைப்பாகப் பிடிப்பது என்றுதான் நான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு விரலால் முடித்திருக்கிறாய். அவருக்கு மழிக்கும்போதெல்லாம் என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தானா?

ரப்பர் கையுறை மாட்டிக்கொள்ளலாம் என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடியே வேண்டாம் என்று விட்டேன். ஆனாலும் பயமாக இருக்கிறது அம்மா. வெட்டுக்கு மட்டும் இல்லை. விரல் உள்ளே போனதும் எனக்குக் குமட்டிவிட்டால்? அவர் கண் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்குமே. இப்போது மறைத்துக்கொள்ளத் தாடியும் இல்லை. உனக்கு முதல் நாள் எப்படி இருந்தது? யாரிடம் கேட்பேன்?

சாயங்காலம் செய்யப்போவது இதுதான்:

1. நகத்தை ஒட்ட வெட்டுவேன்.
2. ஒரு சொம்பு நல்லதண்ணி தனியாக எடுத்து மூடி வைப்பேன்.
3. அவருக்குப் புதுப் பிளேடு. என் முகத்தில் பட்டது வேண்டாம். படிகாரம் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும்.
4. முதலில் இடது கன்னம். புண்ணின்மேல் பிளேடு போகாது, சுற்றி மட்டும்தான்.
5. கதவைச் சாத்துவேன்.
6. என்ன வந்தாலும் முகத்தைத் திருப்ப மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இவ்வளவு நாளும் கதவுக்கு வெளியே நின்ற
உன் மகன்