கயிறு இல்லாத கூலிங் கிளாஸ்

மே 17, ஞாயிறு

கடலுக்கென்று குரோம்பேட்டையில் கூலிங் கிளாஸ் வாங்கியபோது, கழுத்தில் மாட்டும் கயிறு வைத்ததையும் காட்டினார்கள். கிழவன் மாதிரி இருக்கும் என்று நான்தான் வேண்டாமென்றேன்.

காலையில் கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் மீனவர் பார்த்ததுமே சொன்னார். "கயிறு இல்லாம போட்டுகினு வராதீங்க சார். அலை புடுங்கிகினு பூடும்."

கேட்கவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில், மகள் நிலா படுத்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய அலை வந்தது. என் இரண்டு கைகளும் கண்ணாடிக்குப் போய்விட்டன. பலகை கவிழ்ந்தது. அந்த மீனவர்தான் பாய்ந்து நிலாவைத் தூக்கினார்.

வீட்டில் மனைவி கேட்டதற்கு "சூப்பரா இருந்துச்சு" என்றேன். நிலா வாயே திறக்கவில்லை.

கண்ணாடி இதோ மேஜைமேல் இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. நிலா தன் ஷூ லேஸை உருவி அதில் கட்டி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.