பாட்டிலால் அடித்த வாரம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடு ஸ்கூல். முதல் பீரியடுக்கு முன்னால் அஞ்சனா என் பெஞ்சுக்கு வந்தாள். "எடீ பாண்டி, நீங்ஙி இரிக்கெடீ." நான் நகர்ந்து உட்காரணுமாம். பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு நான் பாண்டிதான். மலையாளத்துக்காரர்கள் தமிழ்க்காரர்களை மட்டம் தட்டும் பெயர். வீட்டில் தமிழ் பேசுகிறவளுக்கு வேறு பெயர் எதற்கு. சுற்றி இருந்ததுகள் சிரித்தன. ஸ்டீல் பாட்டிலை எடுத்து அவள் முகத்திலேயே அடித்தேன். உதடு கிழிந்தது. வருத்தமில்லை.

நாளை அப்பா வர வேண்டுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

தம்பானூர் ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு அப்பா வந்தார். சட்டையில் பரோட்டா எண்ணெய் வாடை. பிரின்சிபால் ரூமில் உட்காரவே இல்லை. அஞ்சனாவின் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "மோள் செஞ்சது தப்பாணு மேடம், க்ஷமிக்கணும்."

அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பாவும். அஞ்சனாவைவிட இவர்மேல்தான் ஆத்திரம்.

பஸ் ஸ்டாப்பில் கத்தினேன். "எதுக்குக் கும்பிட்டீங்க? அவ என்ன சொன்னான்னு கேட்டீங்களா?"

"கேட்டா ஒன்னய வெளிய அனுப்பிருவாங்கல்லா. பேசாம வா."

வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டேன். சுவரெல்லாம் சாம்பார். அம்மா துடைத்தாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

ஜூலை 9, புதன்

ஸ்கூல் கவுன்சலர் மேடத்திடம் அனுப்பினார்கள். கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டார். என்ன கேள்வி இது. "அஞ்சனாவைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். விடவில்லை. கடைசியில் சொன்னேன்: காது சூடாகும், தாடை இறுகும். தூக்கம்? ஒரே ரூம், கைக்குழந்தைத் தம்பி, கெமிஸ்ட்ரி டெஸ்ட். எங்கே தூங்க?

சூடு ஏறியதும் எதையாவது இறுக்கிப் பிடி, அது இறங்கட்டும், பிறகு வாயைத் திற என்றார். சொல்ல எளிது. அவரை யாரும் பாண்டி என்பதில்லை.

ஜூலை 11, வெள்ளி

டெஸ்ட் சொதப்பல். அஞ்சனா வந்துவிட்டாள், உதட்டில் பிளாஸ்திரி. கெமிஸ்ட்ரி டீச்சர் போர்டு பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து அவள் குரல், "பாண்டி மிண்டாதாயி." நான் அடங்கிவிட்டேனாம்.

காது சூடு. பாட்டில் பக்கத்திலேயே. பெஞ்ச் விளிம்பைப் பிடித்தேன். நகம் ஒடிந்தது. சூடு முழுசாக இறங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"எனிக்கொரு பேருண்டு. அது விளிக்கு."

டீச்சர் உட்காரச் சொன்னார். "அவள் என் பெயரைச் சொல்லட்டும், உட்காருகிறேன்" என்றேன், மலையாளத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அஞ்சனாவைப் பார்த்தார்.

"இசக்கியம்மாள்." டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உச்சரிப்பு மோசம்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.