எட்டாம் கூண்டு எலிகள்

ஜனவரி 9

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். பார்சலைத் திருப்பி அனுப்ப உனக்கு மனசு வராது என்று தெரிந்துதான் பெட்டிக்குள் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

புற்றுநோய்க் கட்டிக்குள் ஒரு புரதத்தை அடக்கும் மருந்து கண்டுபிடித்திருக்கிறோம். எலிகளின் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆய்வகமே தலைகால் புரியாமல் ஆடுகிறது. போன வாரம் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து ஏறிய எட்டாம் கூண்டு எலிகளுக்குக் கம்பியில் நடக்கும்போது பின்னங்கால் வழுக்குவதாகச் சொன்னார். வயசாகியிருக்கும் என்று மழுப்பினேன். பிறகு நானே போய்ப் பார்த்தேன். வழுக்கத்தான் செய்கிறது.

மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு மனு போயாகிவிட்டது. எனக்குக் கட்டி தெரியும், மூளை தெரியாது; அது உன் துறை. சிறுமூளைத் துண்டுகளைப் பன்னிரண்டு ஸ்லைடுகளில் அனுப்புகிறேன். எவை எட்டாம் கூண்டு, எவை மருந்தே ஏறாத எலிகள் என்று வேண்டுமென்றே எழுதவில்லை.

உன் வீட்டுக்காரரையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

உன்
வாயாடி

ஜனவரி 21

வாயாடிக்கு,

கடிதத்தைப் பிரிக்காமல் முதலில் ஸ்லைடுகளைத்தான் பார்த்தேன். எனக்குக் கோபம் உன் மேல்தான், அவற்றின் மேல் இல்லை.

இரண்டு, மூன்று, ஆறு, ஏழு, பத்து, பன்னிரண்டு. நடையைச் சீராக வைத்திருக்கும் பெரிய நரம்புச் செல்களின் வரிசை, இந்த ஆறிலும் பொக்கைவாய் மாதிரி இருக்கிறது. மருந்து ஏறியவை இவைதான் என்றால், நிறுத்து.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். நாம் சேர்ந்து செய்த ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து உன் ஆய்வகத் தலைவர் என் பெயரை அடித்தபோது, அதே மேசையில்தான் நீயும் இருந்தாய். ஊரெல்லாம் பேசுகிறவள், அன்று பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

குட்டி என் உயரத்துக்கு வந்துவிட்டாள். உன்னைக் கேட்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சிடுமூஞ்சி

பிப்ரவரி 4

என் சிடுமூஞ்சிக்கு,

ஆறும் சரி. ஒன்றுகூடத் தவறவில்லை. படித்ததும் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவரிடம் சொன்னேன். சாகக் கிடக்கிறவர்களுக்கு நடை தடுமாறினால் என்ன, உயிர் இருந்தால் போதாதா என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"அதை அவங்க சொல்லணும் சார். நாம மறைச்சு வச்சுட்டு அவங்ககிட்ட கேட்க முடியாது," என்றேன்.

மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் மனுவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். நான்கு வருஷ வேலை. குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். எலி அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே குடித்தார்.

அந்த மேசை விஷயம். பயந்துட்டேன்டி. வேலை போய்விடும் என்ற பயம், வேறு எதுவும் இல்லை. மன்னித்துவிடு. உன் பெயரைச் சேர்க்கச் சொல்லி, நம் கட்டுரை வந்த இதழுக்கு நேற்று எழுதிவிட்டேன். தலைவருக்கும் சொல்லிவிட்டேன். நகல் இத்துடன்.

வாயாடி

மார்ச் 10

அடியே வாயாடி,

நகலைப் படித்தேன். அழவில்லை. வீட்டுக்காரர் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மருந்து அந்தப் புரதத்தை அடக்கினால் கட்டியும் சாகிறது, நரம்புச் செல்லும் சாகிறது. அப்படியென்றால் அதன் அளவைக் கூட்டிப் பார்த்தால் என்ன? நடை தள்ளாடும் நோயாளிகளின் தோல் செல்லிலிருந்து நான் வளர்த்து வைத்திருக்கும் நரம்புச் செல்களில், பாதிக் கிண்ணங்களில் கூட்டினேன். வழக்கமாகப் பத்தாம் நாள் எல்லாம் போய்விடும். இன்று பத்தொன்பதாம் நாள். கூட்டியவை உயிரோடு இருக்கின்றன, அதுவும் திமிராக. ஒன்பது வருஷமாக நான் தேடியது இதைத்தான். கட்டி வளராமல் இதைக் கூட்ட முடியுமா என்பது உன் பாடு.

எத்தனை செல் பிழைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். நான் எண்ணினால் எனக்குச் சாதகமாக எண்ணிவிடுவேன். என் மாணவர்கள் எண்ணினால் எனக்குப் பயந்து எண்ணுவார்கள். அதனால் நீ வா. குட்டி தன் கட்டிலை உனக்காக ஒழித்து வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை வாசலைப் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. செல்கள் அதற்கு மேல் காத்திருக்காது.

சிடுமூஞ்சி